கொய்யா மரத்தில் என் நெஞ்சுப் படம்

தம்பி, அந்தக் கவரைக் கால்மாட்டுல வைக்காதீங்க, மடங்கிரும். மேல கம்பித் தட்டுலயும் வேண்டாம், எவனாவது பலாப்பழத்தைத் தூக்கி அதுமேல வச்சிருவான். மடியில வச்சுக்கோங்க. ஸ்கேன் கவருதானே? பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. வயிறா, நெஞ்சா? நெஞ்சு. நானும் நெஞ்சுதான்.

எங்க இறங்கணும்? சாத்தூரா. நான் கோவில்பட்டி. அப்ப சாத்தூர் வரைக்கும் பேசிக்கிட்டே போகலாம். நான் கொஞ்சம் கூடுதலாப் பேசுவேன், எனக்கே தெரியும். ஆனா இன்னைக்குப் பேசுறதுக்குக் காரணம் இருக்கு. அந்தா முன்னால, மூணாவது சீட்டுல, ஜன்னலோரமா பச்சைச் சேலை கட்டிக்கிட்டு ஒரு அம்மா உக்காந்திருக்கா பாருங்க. அவதான் என் வீட்டுக்காரி, ஆவுடையம்மா. பின்னால ரெண்டு சீட்டு சேந்தாப்புல காலியா இருக்கு, வான்னேன். வரல. யாரோ ஒரு பொண்ணு பக்கத்துல போய் உக்காந்துக்கிட்டா. மாட்டுத்தாவணியில பஸ் ஏறுறதுக்கு முன்னாலருந்தே எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல.

இத்தனைக்கும் இன்னைக்கு எங்களுக்கு நல்ல நாளு. ஆஸ்பத்திரியில இருந்து நல்ல சேதியோடதான் ஊருக்குப் போறோம். நல்ல சேதி கேட்டா மனுஷி சிரிக்கணுமா வேண்டாமா? அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீங்க. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

என் பேரு சங்கரநயினார். பத்திர ஆபீஸ்ல முப்பத்தோரு வருஷம் வேலை பாத்து ரிட்டையர் ஆனவன். பதிவான பத்திரத்துக்கெல்லாம் ஆபீஸ் புஸ்தகத்துல நகல் எழுதி வைப்பாங்க இல்லையா, எங்க நாள்ல அது கையாலதான். எழுதுனது சரியான்னு பாக்க ரெண்டு பேர். ஒருத்தர் அசலை வாய்விட்டு வாசிப்பார், இன்னொருத்தர் நகல்ல விரலை வச்சு ஒத்துப் பாத்துக்கிட்டே வருவார். கடைசியில அடியில ரெண்டு கையெழுத்து விழும். படித்தவர், ஒப்பிட்டவர். ஒப்பிட்டவர் நான். படித்தவர் சவரிராயன், எங்க பக்கத்துத் தெருக்காரர், இன்னைக்கும் சிநேகிதர்தான். அவர் வாசிச்சா கமா, புல்ஸ்டாப் எதையும் விடமாட்டார், எல்லாத்தையும் சொல்லித்தான் வாசிப்பார். குரல் அப்படி ஒரு குரல். வெளியே வேப்பமரத்தடியில நிக்கிற ஆளு உள்ள வந்து, "என் பத்திரமா ஐயா?"ன்னு கேப்பான். என் கையெழுத்து விழுந்த நகல்ல இதுவரைக்கும் ஒருத்தனும் பிழை கண்டுபிடிச்சது கிடையாது. ஒருத்தன் கண்டுபிடிச்சான். பாத்தா அது அசல்லயே இருந்த பிழை.

இதை எதுக்குச் சொல்றேன்னா, ஒப்பிடுறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். அதுக்குத்தான்.

போன மாசியில எனக்கு ஒரு இருமல் வந்துச்சு. வறட்டு இருமல், மூணு வாரம் விடல. பீடி சிகரெட் பழக்கம் உண்டான்னு டாக்டர் கேட்டார். பழக்கம்னு சொல்ல முடியாதுன்னேன். டீ குடிச்சா ஒரு சிகரெட் பிடிப்பேன், டீ குடிக்காம ஒருநாளும் பிடிச்சதில்ல. எத்தனை டீன்னு கேட்டார். ஆபீஸ்ல இருந்தப்ப ஏழெட்டு ஆகும்னேன். அதை அவர் வேற மாதிரி எழுதிக்கிட்டார். எங்க ஊர்லயே ஒரு ஸ்கேன் சென்டர்ல படம் எடுத்து, பிலிமும் சிடியும் குடுத்தாங்க. வலது நுரையீரல்ல, மேல் பக்கம், ஆறு மில்லிமீட்டர்ல ஒரு புள்ளி இருக்குன்னு ரிப்போர்ட் வந்துச்சு. மதுரைக்குப் போங்கன்னுட்டாங்க.

மதுரையில நெஞ்சு டாக்டர் ஒரு அம்மா, மெஹர்நிஷான்னு பேரு. என் மக வயசு இருக்கும். கட்டியான்னு கேட்டேன். "புள்ளிங்க ஐயா. இந்த மாதிரி சின்னப் புள்ளி முக்கால்வாசி ஒண்ணும் செய்யாது. வளருதான்னு மட்டும் பாக்கணும்"னாங்க. ஆறு மாசம் கழிச்சு வந்து இங்கேயே இன்னொரு ஸ்கேன் எடுக்கணும், பழைய சிடியைப் பத்திரமாக் கொண்டு வரணும், கம்ப்யூட்டர் ரெண்டு படத்தையும் ஒப்பிட்டுப் பாத்துச் சொல்லிரும்னாங்க. வளந்திருந்தான்னு கேட்டேன். வளந்திருந்தா ஊசி விட்டுச் சதை எடுத்துப் பரிசோதிக்கணும்னு சொன்னாங்க. அதுக்கு மேல நானும் கேக்கல, அவங்களும் சொல்லல.

கம்ப்யூட்டர் ஒப்பிடுமாம். யாருகிட்ட வந்து சொல்றாங்க பாருங்க.

சும்மா சொல்லக் கூடாது தம்பி, பயந்துட்டேன். பஸ்ல திரும்பி வரும்போது எந்த ஊர் வந்துச்சு, எந்த ஊர் போச்சுன்னே தெரியல. வீட்டுக்கு வந்ததும் ஆவுடைகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? தோள்பட்டை வலிக்குப் படம் எடுத்தேன், வாயுவாம் அப்படின்னேன். ஏன்னா அவ தம்பி நெஞ்சுல கட்டி வந்துதான் இறந்துபோனான். நாப்பத்திரண்டு வயசு. அவனை அவதான் பக்கத்துல இருந்து பாத்தா. இப்ப எனக்கும் நெஞ்சுல புள்ளின்னா தாங்குவாளா? நல்லெண்ணத்துலதான் மறைச்சேன்.

மறைக்கிறதுன்னா சும்மா இல்ல. பெரிய பிலிமை மெத்தைக்கு அடியில வச்சேன். ரிப்போர்ட்டை பென்ஷன் பைலுக்குள்ள சொருகினேன். சிடியை பீரோவுல, மக கல்யாண வீடியோ சிடி அடுக்கு இருக்கும், அதுக்கு நடுவுல விட்டேன். பத்திர ஆபீஸ்காரன் ஒளிச்சா எவனாலயும் எடுக்க முடியாது. என்னாலயே எடுக்க முடியலையே, அதைத்தான் சொல்ல வர்றேன்.

ஆறு மில்லிமீட்டர்னா எவ்வளவுன்னு உங்களுக்குத் தோணுச்சா இல்லையா? எனக்குத் தோணுச்சு. அவ கோயிலுக்குப் போன நேரம் அடுக்களையில போய் ஸ்கேலை வச்சு ஒவ்வொண்ணா அளந்து பாத்தேன். துவரம்பருப்பு பத்தல. கொண்டைக்கடலை கூடிப்போச்சு. காஞ்ச பட்டாணி ஒண்ணு சரியா ஆறு இருந்துச்சு. அதை எடுத்துச் சட்டைப்பையில போட்டுக்கிட்டேன். அப்பப்பத் தொட்டுப் பாப்பேன், இவ்வளவுதானேன்னு. துவைக்கும்போது அவ எடுத்துட்டு, இது என்ன பட்டாணின்னு கேட்டா. புறாவுக்குன்னேன். மறுபடி ஒண்ணு அளந்து எடுத்தேன். ஆறு மாசமும் எங்க வீட்டு வேட்டி சட்டையோட பட்டாணியும் வெளுத்துச்சு.

திருமங்கலம் வந்துருச்சு. இங்க கூட்டம் ஏறும், கவரைப் பாத்துக்கோங்க.

ஆவணி பிறந்துச்சு. போன திங்கக்கிழமை ரெண்டாவது ஸ்கேன். மதுரையில ஒரு கிரகப்பிரவேசம்னு வீட்டுல சொல்லிட்டு, கிளம்புறதுக்கு முன்னால பீரோவைத் திறந்து சிடியைத் தேடுனா, காணும். அந்த அடுக்கே பாதியா இருக்கு. ஆவுடைதான் எதையோ ஒதுங்கவைக்கிறேன்னு தூக்கிப் போட்டிருப்பான்னு எனக்கு அப்படி ஒரு கோபம். ஆனா கேக்க முடியாதே. என்ன சிடின்னு கேப்பாளே. வாயை மூடிக்கிட்டுப் போனேன். திரும்பி வரும்போது மாட்டுத்தாவணியில ஒரு தேங்காயும் வெத்தலை பாக்கும் வாங்கி மஞ்சப் பையில போட்டுக் கொண்டுவந்து குடுத்தேன், கிரகப்பிரவேசத் தாம்பூலம்னு. அவ பையைப் பிரிச்சுப் பாத்து, தேங்காய் முத்தலா இல்லையேன்னா. நான் என்ன கண்டேன்.

ஆனா அன்னைக்கு டாக்டர் சொன்னது இதுதான். புதுப் படத்துல புள்ளி எட்டுக்கு ஆறு. பழைய ரிப்போர்ட்டுல ஆறுன்னு ஒரே ஒரு அளவுதான் போட்டிருக்கு. எந்தப் பக்கம் அளந்தாங்கன்னு அதுல இல்ல. பழைய சிடி இருந்தா கம்ப்யூட்டர் ரெண்டையும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சுப் பாத்து உண்மையைச் சொல்லிரும். பிலிமை வச்சு அதால அளக்க முடியாது. எங்க ஊர் சென்டருக்கு அவங்களே போன் போட்டுக் கேட்டாங்க. மூணு மாசத்துக்கு மேல நாங்க வச்சிருக்கிறதில்லன்னுட்டாங்க. அப்ப டாக்டரம்மா, "சிடி கிடைக்கலைன்னா, வளந்திருக்குன்னுதான் ஐயா நான் எடுத்துக்கணும். வியாழக்கிழமை வாங்க, ஊசிக்கு நாள் குறிச்சுரலாம்"னாங்க. ஆறு எட்டாயிருச்சுன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? சின்னப் பிள்ளையா நான்?

மறுநாள் காலையில சவரிராயனைக் கூப்பிட்டேன். சங்கதியைச் சொன்னேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு, "எடும்வே ரெண்டு ரிப்போர்ட்டையும். மெஷின் ஒப்பிட்டா நம்ம ஒப்பிடக் கூடாதா?"ன்னார். நியாயம்தானே? ஆவுடை ரேஷன் கடைக்குப் போயிருந்தா. போனா ரெண்டு மணி நேரம் ஆகும். முன் ரூம்ல எதிரும் புதிருமா உக்காந்தோம். பழைய ரிப்போர்ட்டு அசல், அது அவர் கையில. புதுசு நகல், அது என் கையில. சிவப்புப் பென்சிலைச் சீவிக்கிட்டேன்.

அவர் ஆரம்பிச்சார் பாருங்க. "ரைட் லங், கமா, அப்பர் லோப், கமா, எ சிக்ஸ் எம்எம் நாட்யூல் ஈஸ் சீன், புல்ஸ்டாப்." அதே குரல். எனக்கு அத்தனை கலக்கத்துலயும் ஒரு சந்தோஷம் வந்துச்சு, அதை மறைக்க மாட்டேன். விரலை வச்சுக்கிட்டே போனேன். பதினாலு பிழை கண்டுபிடிச்சேன். வயசு அதுல அறுபத்தேழு, இதுல அறுபத்தெட்டு. ஒண்ணு. என் பேருக்கு முன்னால மிஸ்டர் அதுல இருக்கு, இதுல இல்ல. ரெண்டு. ஒன்பதாவது பிழை என்னன்னா, அதுல வெறும் சிக்ஸ் எம்எம். இதுல எயிட் இன்டு சிக்ஸ் எம்எம். "இன்டு" குறியும் ஒரு எண்ணும் கூடுதல்னு சிவப்புல சுழிச்சு வச்சேன். சவரிராயன் நம்பலை. புதுசை என் கையில இருந்து வாங்கி அந்த வரியை ஓங்கி வாசிச்சார், ரெண்டு தடவை.

நிமிந்து பாக்கேன், வாசல்ல ஆவுடை நிக்கா. ரேஷன் கடை அன்னைக்குத் திறக்கலையாம். அவளுக்குப் பின்னால காம்பவுண்டுச் சுவருக்கு மேல அடுத்த வீட்டம்மா தலை. ரோட்டுல கீரைக்காரர் சைக்கிளை நிறுத்திக்கிட்டு நிக்கார். முப்பத்தோரு வருஷம் வாய்விட்டு வாசிச்சே பழகிட்டோம் தம்பி, மனசுக்குள்ள வாசிக்கலாம்னு எங்க ரெண்டு பேருக்குமே தோணல.

அவ அழுவான்னு நினைச்சேன். அழல. காலிப் பையைக் கீழ வச்சா. தரையில உக்காந்தா. "அண்ணாச்சி, முதல்லருந்து வாசிங்க"ன்னா. சவரிராயன் என்னைப் பாத்தார். வாசிச்சார். ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டா, நான் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டா. மாசியில நடந்தது, ஆறு மாசம், ஊசி, எல்லாம். கடைசியில, "அந்த சிடி எங்க இருந்துச்சு?"ன்னு கேட்டா. கல்யாண அடுக்குக்கு நடுவுலன்னேன். அப்ப என்னைப் பாத்தா பாருங்க ஒரு பார்வை.

"ஆடி மாசம் அந்த அடுக்குல இருந்துதானே எடுத்துக் கிளிக்குக் கட்டுனீங்க?"

எங்க வீட்டுக்குப் பின்னால ஒரு கொய்யா மரம் உண்டு. பழம் வந்தா ஒண்ணு விடாமக் கிளி கொத்திரும். பழைய சிடியைக் கட்டித் தொங்கவிட்டா மினுக்மினுக்னு ஆடும், கிளி வராதுன்னு ஊரெல்லாம் கட்டுறாங்க. பாத்திருப்பீங்க. நாங்களும் கட்டினோம். யாரு கட்டுனாங்கறது இப்ப முக்கியமில்ல. ஏணி போட்டு ஏறினது நான்தான், ஒத்துக்கிறேன். அடுக்குல இருந்து பத்து சிடி உருவுனதும் நான்தான். மேல மார்க்கர்ல பேரு எழுதியிருக்கும், அதைப் பாத்திருக்கலாம். கண்ணாடி போடல. ஆனா கிளிக்கு எதாவது செய்யுங்கன்னு தினமும் சொல்லிக்கிட்டு இருந்தது யாரு? அதையும் சொல்லணும்ல.

பின்னால ஓடிப்போய்ப் பாத்தா, பத்தும் ஆடிக்கிட்டு இருக்கு. என் நெஞ்சு ஒன்றரை மாசமா அங்கதான் காத்து வாங்கியிருக்கு. எது எதுன்னு தெரியல. மழையில மார்க்கர் எழுத்து பூராவும் போய், பத்தும் ஒரே மாதிரி இருக்கு. ஒப்பிட்டுப் பாக்கக்கூட அதுல ஒண்ணும் இல்ல. ஆவுடை ஏணியில அவளே ஏறினா, நான் பிடிச்சுக்கிட்டேன். கயித்தைக் கத்தரிச்சு ஒவ்வொண்ணா இறக்கினா. முந்தானையால மெதுவாத் துடைச்சு, ஒரு பழைய வேட்டியைக் கிழிச்சு, ஒண்ணுக்கு ஒண்ணு நடுவுல துணி வச்சுக் கட்டினா. அன்னைக்குச் சாயங்காலமே கிளி வந்துருச்சு. இருந்த நாலு பழமும் போச்சு.

அதுக்கப்புறம் ரெண்டு நாள் அவ இருந்த இருப்பைச் சொல்லணும். அவ பாட்டுக்கு வேலையைப் பாத்தா. சோறு ஆக்குனா. வந்து விசாரிச்சவங்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் குடுத்து, பதில் சொல்லி அனுப்பிவச்சா. என் டீயை ரெண்டாக் குறைச்சுட்டா. ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. எனக்கே ஒரு மாதிரி ஆகிப்போச்சு. ஆறு மாசமா எதுக்கு இவகிட்ட மறைச்சோம், இவளுக்குப் பயமே இல்லையேன்னு நினைச்சேன். கொஞ்சம் வருத்தமாக்கூட இருந்துச்சு, ஏன் பொய் சொல்லணும்.

விருதுநகரா? ஆமா. அங்க பாருங்க, அவ பக்கத்துல இருந்த பொண்ணு இறங்குது. சரி, சொல்லி முடிச்சிர்றேன்.

இன்னைக்குக் காலையில பத்து சிடியையும் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கம்ப்யூட்டர் ரூம்ல ஒரு பொண்ணு இருந்துச்சு. பத்தையும் பாத்துட்டு, "எதுங்க ஐயா?"ன்னுச்சு. தெரியலம்மா, மரத்துல இருந்து இறக்கினோம்னேன். அது சிரிக்கல, நல்ல பொண்ணு. முதல் சிடியைப் போட்டா நாதஸ்வரம் கேக்குது. எங்க மக கல்யாணம். ஸ்கேன் ரூம் வாசல்ல காத்திருந்த ஆளுங்கல்லாம் எட்டிப் பாக்காங்க. பந்தி நடக்குது, நான் ஒவ்வொரு இலையாப் போய் எல்லாத்துலயும் அப்பளம் விழுந்திருக்கான்னு சரி பாத்துக்கிட்டு இருக்கேன். அடுத்தது ஓடவே இல்ல. அடுத்தது பேரன் பாத்த பொம்மைப் படம். அதுக்கடுத்தது மறுபடி கல்யாணம். நான் வேர்த்துப் போய் நின்னேன். ஏழாவது சிடி. உள்ள போய் ரொம்ப நேரம் சுத்துச்சு. சத்தமில்ல. அப்புறம் திரையில கறுப்பும் வெள்ளையுமா ஒரு நெஞ்சு வந்துச்சு, மூலையில என் பேரு. சில படம் வரல, இலை நிழல்ல தொங்குனதால இந்த மட்டுக்கும் தப்பிச்சிருக்குன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. புள்ளி இருக்கிற இடத்துப் படமெல்லாம் இருக்குன்னுச்சு.

டாக்டரம்மா எங்க ரெண்டு பேரையும் பக்கத்துல உக்கார வச்சுத்தான் காட்டினாங்க. திரையில ரெண்டு நெஞ்சு, இடது பக்கம் மாசி மாசத்து நெஞ்சு, வலது பக்கம் ஆவணி. முதல்ல ரெண்டும் ஒத்துப்போகல. அன்னைக்கு நான் மூச்சை அரைகுறையா இழுத்திருக்கேன், இந்தத் தடவை நல்லா இழுத்திருக்கேன். கம்ப்யூட்டர் அதைப் புரிஞ்சுக்கிட்டு, விலா எலும்புக்கு விலா எலும்பு, ரத்தக்குழாய்க்கு ரத்தக்குழாய் பொருத்தி, ஒண்ணை இழுத்து இன்னொண்ணோட சேத்துச்சு. அப்புறம் இதை உருட்டினா அதுவும் கூடவே உருளுது. என் விரல் வரிமேல போகுமே, அந்த மாதிரி. கடைசியில ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல ஒரு வட்டம் போட்டுச்சு. வட்டத்துக்குள்ள புள்ளி.

டாக்டரம்மா சொன்னாங்க: "ஐயா, மாசியிலயே இது எட்டுக்கு ஆறுதான். அவங்க குறுக்குவாட்டை மட்டும் அளந்து ஆறுன்னு எழுதியிருக்காங்க. மொத்தக் கன அளவு அன்னைக்கும் இன்னைக்கும் ஒண்ணுதான். வளரல."

எனக்கு ஒரு நிமிஷத்துல விளங்கிருச்சு. கிழமேல் ஆறு, தென்வடல் எட்டு. எத்தனை மனை அளவு பாத்திருக்கேன், இது தெரியாதா? ஒன்பதாவது பிழையா இதைத்தானே சுழிச்சு வச்சிருக்கேன்னு சிவப்புப் பென்சில் தாளை எடுத்துக் காட்டினேன். டாக்டரம்மா ஒன்பதாவதைப் பாத்தாங்க. மத்த பதிமூணையும் பொறுமையாப் பாத்தாங்க. நல்லா ஒப்பிட்டிருக்கீங்க ஐயான்னு சொன்னாங்க. அப்புறம் கம்ப்யூட்டர் ரெண்டு சதவீதம் வித்தியாசம்னு காட்டுதே, அது என்ன கணக்குன்னு கேட்டேன். மூச்சு இழுக்கிறதுல வர்றது, அது வித்தியாசத்துல சேராதுன்னாங்க. எங்க ஆபீஸ்ல அப்படி விட்டுற மாட்டோம். இருந்தாலும் நான் பேசல. ஊசி வேண்டாம், ஒரு வருஷம் கழிச்சு இன்னொரு படம் எடுத்து இதோட ஒப்பிடுவோம், சிகரெட்டை மட்டும் அடியோட விட்டுருங்கன்னு சொல்லி அனுப்பினாங்க.

எனக்கு அங்கேயே உக்காந்து அழுதுறலாம் போல இருந்துச்சு. வராந்தாவுக்கு வந்ததும் ஆவுடைகிட்ட, பாத்தியா, ஒண்ணுமில்ல, இதுக்குத்தான் உங்கிட்ட சொல்லாம இருந்தேன், ஆறு மாசம் நீ நிம்மதியா இருந்தேல்லன்னேன். நியாயமான பேச்சுத்தானே? அவ அங்க கிடந்த பெஞ்சுல உக்காந்து அழுதா. ரெண்டு நாளா அழாதவ, நல்ல சேதி வந்த பிறகு அழறா. எப்படி அழுதான்னா, நர்ஸ் ஓடி வந்து யாரும்மா தவறிட்டாங்கன்னு கேட்டுச்சு. நான் பக்கத்துல போனேன். அப்ப சொன்னா. அதுதான் கடைசியாப் பேசினது.

"அவ்வளவு பெரிய பயத்தைப் பக்கத்துல படுத்துக்கிட்டே ஆறு மாசம் தனியாச் சுமந்திருக்கீங்க. எனக்கு அதுல ரெண்டு நாள்தான் பங்கா?"

இது என்ன கேள்வி, சொல்லுங்க. நல்லதுல பங்கு கேப்பாங்க. நகையில, நிலத்துல கேப்பாங்க. பயத்துல போய் யாராவது பங்கு கேப்பாங்களா? எத்தனை பாகப்பிரிவினைப் பத்திரம் என் கையில வந்திருக்கும், ஒண்ணுலகூட இப்படிப் பாத்ததில்ல. அவளைக் காப்பாத்தத்தானே மறைச்சேன்? அதுக்கு ஒரு நன்றி வேண்டாம், முகத்தையாவது பாத்துப் பேசலாம்ல?

என்ன தம்பி, கவரையே பாத்துக்கிட்டு இருக்கீங்க? சாத்தூர் நெருங்கிருச்சு. என் பேச்சு அதிகமாயிருச்சோ? அது இருக்கட்டும், உங்களுக்கு எப்ப சொல்றாங்களாம், இன்னைக்குப் படம் எடுத்ததுதானே? உங்களுக்கும் புள்ளியா, மூணு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்காங்களா. சரி. வீட்டுல என்ன சொல்றாங்க?

என்னது? தெரியாதா? கம்பெனி வேலையா மதுரைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க. கவரை எங்க வைப்பீங்க, மெத்தைக்கு அடியிலயா? ஓ, கடையில வச்சுட்டுப் போயிருவீங்க. சிநேகிதர் கடை. அதுவும் நல்ல யோசனைதான். எனக்குத் தோணல.

காலையில இருந்து தனியாவா இருக்கீங்க? சாப்பிட்டீங்களா? இல்ல. பஸ்ல ஏறினதுல இருந்து அந்தக் கவரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க தம்பி. நான்தான் மடியில வைக்கச் சொன்னேன், அதுக்காக இப்படிப் பிடிக்கணும்னு இல்ல. ஓரமெல்லாம் கசங்கிப்போச்சு பாருங்க. இந்தாங்க, தண்ணி குடிங்க. இப்படியே வீட்டுக்குப் போய்ச் சிரிச்ச முகத்தோட உக்காந்து, மூணு மாசம் அவங்க முன்னால தினமும் சாப்பிட்டு எந்திரிக்கப் போறீங்களா?

நானும் இப்படித்தான் இருந்திருப்பேன் போல. எனக்கு என் முகம் தெரியல. இன்னைக்கு உங்க முகத்தைப் பாக்கவும்தான் தெரியுது. அவ அன்னைக்குத் தரையில உக்காந்து என் முகத்தையேதான் பாத்துக்கிட்டு இருந்தா.

போனை எடுங்க தம்பி. வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம்னு நினைக்காதீங்க, வாசப்படி ஏறினதும் மனசு மாறிரும், எனக்குத் தெரியும். இப்பவே போடுங்க. பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லுங்க. புள்ளின்னு மட்டும் சொல்லுங்க போதும், மிச்சத்தை அவங்க கேப்பாங்க. அடிக்குதா? சரி. நான் எந்திரிச்சுக்கிறேன், நீங்க தனியாப் பேசுங்க. முன்னால அவ பக்கத்துல இடம் காலியா இருக்கு. அங்க போறேன். என்ன சொல்றதுன்னு தெரியல. ஒண்ணும் சொல்லாமப் போய் உக்காந்துக்கிறேன், கோவில்பட்டி வரைக்கும் அவ பேசட்டும்.